தலைமை இயக்குநரின் வலது கால்

ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்கும் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை என்பதை விமானத் துறை ஒருநாள் கண்டுபிடித்தது. இடப்பக்கம் திரும்பச் சொன்னதற்கு ஒரு விமானி வலப்பக்கம் திரும்பி, ஓடுபாதையைக் கூட்டுகிற வண்டிக்கு எதிரே மூக்கோடு மூக்காகப் போய் நின்றார். நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கோபுரம் சரியாகச் சொல்லவில்லை என்றார்கள் விமானிகள். விமானிக்குக் காது சரியில்லை என்றது கோபுரம். விசாரணைக் குழு உட்கார்ந்து பதிவைப் போட்டுக் கேட்டது. கோபுரம் சொன்னதும் சரி, விமானி திருப்பிச் சொன்னதும் சரி, திரும்பியதுதான் தப்பு. ஒரு குழு கண்டுபிடிக்கிற அளவுக்கு இது பெரிய உண்மை இல்லை. ஆகவே குழு இன்னும் ஆழமாக யோசித்து, இரு தரப்பும் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள், ஆனால் பிரியமாகப் பேசவில்லை என்று அறிக்கை கொடுத்தது.

அந்த வருஷம் புரிந்துணர்வு ஆண்டாக அறிவிக்கப்பட்டது. அன்றைக்குப் பிடித்தது அவளுக்குச் சனி.

அவள் கோபுரத்தின் உச்சியில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறையில் உட்கார்ந்து, எந்த விமானம் இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும் என்று சொல்கிறவள். விமானிகள் அவளைக் 'கோபுரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய வீட்டுக்காரரும் ஒரு விமானி. அவர் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார், "கோபுரம், என் கண்ணாடி எங்கே?" என்று. முன்பெல்லாம் வேலை சுலபம். "இறங்கலாம்" என்பாள் அவள். "இறங்குகிறேன்" என்பார் விமானி. முடிந்தது.

புதிய முறைப்படி முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு பயணம் எப்படி இருந்தது என்று விசாரிக்க வேண்டும். பிறகுதான் இறங்கலாம் என்பது. விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதற்கு அவள் நன்றி சொல்ல வேண்டும். நன்றிக்கு அவர் மகிழ்ச்சி தெரிவிக்க வேண்டும். கடைசியில் அவள், "இந்த உரையாடல் தங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளித்தது? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவும்" என்று கேட்க வேண்டும். மதிப்பெண் சொல்லாதவர்கள் முழுத் திருப்தி அடைந்ததாகக் கொள்ளப்படும் என்று விதி. இதற்குள் பாதி விமானங்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், திரும்பி வந்து, மறுபடியும் முதலிலிருந்து வணக்கம் சொல்லும்.

கோபுரத்தில் சிக்னல் விளக்கு ஒன்று இருந்தது. வானொலி செத்துப்போனால் விமானத்தை நோக்கிப் பிடித்துக் காட்டுவதற்கு. பச்சை காட்டினால் இறங்கலாம், சிவப்பு காட்டினால் இறங்கக் கூடாது. சிவப்பு மனதைப் புண்படுத்தும் நிறம் என்று சுற்றறிக்கை வந்து, அதிலிருந்த சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவள் மேற்பார்வையாளரிடம் ஓடினாள்.

"சார், சிவப்பு இல்லாம அந்த விளக்கால என்ன சார் பிரயோஜனம்?"

"ஆகட்டும், பார்ப்போம்" என்றார் அவர். எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார். 'ஆகட்டும் சார்' என்பதே அவர் பெயராகிவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் ஆனதுமில்லை, அவர் பார்த்ததுமில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். வீட்டுக்காரர் அவளுக்கு மூன்று மதிப்பெண் கொடுத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மற்ற விமானிகள் எல்லாரும் எதற்கு வம்பு என்று ஐந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். தாலி கட்டாத அவர்களுக்கெல்லாம் இருக்கிற இரக்கம் கட்டின புருஷனுக்கு இல்லை.

"உள்ளதைச் சொன்னேன்" என்றார் அவர் அன்று வீட்டில். "உன் வணக்கத்துல உயிர் இல்ல."

"நாள் முழுக்கச் சொல்ற வணக்கத்துக்கு எங்கேருந்துங்க உயிர் வரும்?"

"அதான் மூணு போட்டேன். இல்லேன்னா ரெண்டுதான்."

அன்றிலிருந்து அவள் வீட்டிலும் துறையின் முறைப்படியே பேச ஆரம்பித்தாள். "வணக்கம். சாப்பாடு மேசையில் உள்ளது. நன்றி." அவ்வளவுதான். மாதக்கணக்கில் அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. இரண்டு பேரும் கொஞ்சமாவது நீளமாகப் பேசிக்கொண்டது வானொலியில்தான், அவர் மேலேயிருந்து இறங்கும்போது. அதையும் துறை பதிவு செய்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் விழாவான புரிந்துணர்வு நாளன்று காலையில் அவர் வாசலில் நின்று, "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அவள், "நன்றி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

புரிந்துணர்வு நாளின் முக்கிய நிகழ்ச்சி, தலைமை இயக்குநர் கோபுரத்திலிருந்து வானொலி வழியாக ஆகாயத்திலுள்ள அத்தனை விமானிகளுக்கும் உரையாற்றுவது. அவர் பேச உட்கார்ந்தால் கேட்கிறவர்களுக்கு வயதாகிவிடும் என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருக்கென்று தனி மைக் வாங்கினார்கள். வாயருகில் இருக்கிற குரலைத் தவிர உலகத்தில் வேறு எந்தச் சத்தத்தையும் அது உள்ளே விடாது. மேசையைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே காவலர்களையும், அவர்களுக்குப் பின்னால் விருந்தாளிகளையும் படம்பிடிப்பவர்களையும் நிறுத்தினார்கள். பேச்சின் நடுவே மணி அடித்துவிடக் கூடாதென்று தொலைபேசிகளை வயரோடு பிடுங்கி ஒரு பெட்டியில் போட்டார்கள்.

இந்த வானொலி ஒற்றையடிப் பாதை மாதிரி. ஒருவர் வருகிறபோது இன்னொருவர் நுழைய முடியாது. மேசைக்கு அடியில் ஒரு பெடல் உண்டு. அதைக் காலால் மிதித்தால் கோபுரம் பேசும். காலை எடுத்தால்தான் மற்றவர்கள் பேசுவது கேட்கும். விமானிகளுக்கும், ஓடுபாதையில் ஓடும் வண்டிகளுக்கும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பாதைதான். அன்றைக்கு ஒரு மாற்றமும் செய்திருந்தார்கள். பெடல் மிதிபட்டிருக்கும்வரை தலைமை இயக்குநரின் மைக் மட்டுமே பேசும். அவள் கழுத்தில் மாட்டியிருந்த, ஒயர் இல்லாத ஹெட்போன் ஊமை; பெடல் மேலே எழும்பினால்தான் அதன் பொத்தானை அழுத்தி அவள் பேச முடியும்.

சாயங்கால வெயில் ஓடுபாதையின் மறுகோடியில் சாய்ந்திருந்தது. அந்த வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் விமானங்கள் இறங்க வேண்டும். வீட்டுக்காரரின் விமானம் வந்தது. அவள் வணக்கம் சொன்னாள், விசாரித்தாள், ஓடுபாதை காலி, இறங்கலாம் என்றாள், நன்றி சொன்னாள், மதிப்பெண் கேட்டாள்.

"மார்க் இருக்கட்டும் கோபுரம்" என்றது அவர் குரல். "காலையில ஒரு விஷயம் சொல்ல வந்தேனே—"

"எழுந்திரும்மா, எழுந்திரு, ஐயா வந்துட்டார்" என்று வரவேற்பு அதிகாரி அவள் தோளைத் தொட்டார். அவளை எழுப்பிக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார்கள். தலைமை இயக்குநர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, கால் வைக்க வாகாக மேசைக்கு அடியில் என்னமோ தட்டுப்பட, அதன்மேல் வலது காலை அழுத்தி வைத்துக்கொண்டார். பளபளவென்ற கறுப்பு ஷூ. வீட்டுக்காரரின் குரல் பாதியில் அறுந்தது.

"வானத்து நண்பர்களே!" என்று ஆரம்பித்தார் தலைமை இயக்குநர். "தகவல் தொடர்பு என்பது என்ன? நான் பேசுவதை நீங்கள் கேட்பது. இதைவிடச் சுருக்கமாக இதுவரை யாரும் சொன்னதில்லை. விரிவாகச் சொல்கிறேன்."

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. அது மெதுவாக நகர்ந்து ஓடுபாதைக்குள் நுழைந்தது. நடுவில் போய் நின்றது. ஆட்கள் இறங்கி, பெரிய பேனர் ஒன்றைத் தரையில் விரிக்க ஆரம்பித்தார்கள்.

"சார்! ஓடுபாதையில வேன் சார்! யார் அனுப்பினது?"

"மெதுவாப் பேசும்மா" என்றார் வரவேற்பு அதிகாரி. "நான்தான் அனுப்பினேன். மேலேயிருந்து வர்றவங்க பேனரைப் பார்க்க வேணாமா?"

"அங்கே விமானம் இறங்கப் போகுது சார்!"

"அதனாலதாம்மா. இறங்கறப்பதானே நல்லாத் தெரியும்."

வேன் ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. அவர் முறைப்படி வானொலியில் அனுமதி கேட்டிருக்கிறார். பெடல் மிதிபட்டிருந்ததால் அவர் கேட்டது கோபுரத்துக்கு வரவில்லை. பதிலுக்கு அவருடைய வானொலியில், "தயங்கி நிற்காதீர்கள்! தைரியமாக முன்னேறுங்கள்!" என்று தலைமை இயக்குநரின் குரல் கேட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய இடத்திலிருந்து உத்தரவு வந்தபின் ஒரு ஓட்டுநர் நின்றுகொண்டிருக்க முடியுமா? முன்னேறிவிட்டார்.

தூரத்தில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவள் மேற்பார்வையாளரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், ஐயாவைக் காலை எடுக்கச் சொல்லுங்க சார். பெடல்ல இருக்கு. ஒரு நொடி எடுத்தாப் போதும், நான் சொல்லிடுவேன்."

மேற்பார்வையாளர் வேனைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "ஆகட்டும்" என்றார். கால்கள் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவள் கயிற்றைத் தாண்டப் போனாள். காவலர் குறுக்கே கை நீட்டினார். "ஐயா!" என்று கத்தினாள். தலைமை இயக்குநர் ஒரு கையை உயர்த்தி, ஆர்வத்தில் கத்துகிற ரசிகரை அடக்குகிற மாதிரி அமர்த்திவிட்டுத் தொடர்ந்து பேசினார். அந்த அருமையான மைக், அவள் கத்தியதில் ஒரு துளியையும் உள்ளே விடவில்லை.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் 'ஐயா, காலை எடுங்கள். விமானம் மோதப் போகிறது' என்று கிறுக்கி வரவேற்பு அதிகாரியிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, மொட்டையா? பெரியவருக்குக் காலை எடுங்கன்னு யாராவது எழுதுவாங்களா?" பேனாவை எடுத்தார். 'காலை' என்பதை அடித்துவிட்டு 'தங்கள் மேலான பாதத்தை' என்று எழுதினார். 'மோதப் போகிறது' என்பது அபசகுனமாக இருப்பதாகச் சொல்லி அதையும் அடித்தார். 'எடுங்கள்' கட்டளை மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று யோசித்தார். "இந்தப் பத்தி முடியட்டும், கொடுக்கறேன். நடுவுல கொடுத்தா மரியாதை இல்ல."

"பத்தி எப்ப சார் முடியும்?"

"அது ஐயாவுக்கே தெரியாதும்மா."

புள்ளிக்கு இறக்கை முளைத்திருந்தது. அவள் அலமாரிக்கு ஓடி சிக்னல் விளக்கை எடுத்தாள். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது, அதில் பச்சை மட்டும்தான் இருக்கிறது. பச்சை காட்டினால் வா, வந்து விழு என்று அர்த்தம். விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். காலையில் கதவைச் சாத்தினது நினைவுக்கு வந்தது. என்ன சொல்ல வந்தாரோ, பாவி மனுஷன். கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மூன்று மதிப்பெண்ணுக்காக ஒருத்தி வாழ்க்கையையே பேசாமல் கழிப்பாளா?

"விமானிகளே, நீங்கள் எப்போதும் உயரத்திலேயே இருந்து பழகிவிட்டீர்கள்" என்றார் தலைமை இயக்குநர் செல்லமாகக் கடிந்துகொண்டு. "கொஞ்சம் இறங்கி வாருங்கள். மனத்தடைகளைப் பார்க்காதீர்கள். இறங்கி வாருங்கள்."

விமானம் இறங்கி வந்துகொண்டிருந்தது.

அந்த வேலைக்குச் சேர அவள் யார் காலையும் பிடித்ததில்லை. பரீட்சை எழுதி, முதலாவதாகத் தேறி வந்தவள். விளக்கைக் கீழே போட்டாள். காவலர்கள் நிமிர்ந்து நிற்பதற்கு மட்டும் பயிற்சி பெற்றவர்கள். கீழே யாராவது தவழ்ந்துபோனால் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, மேசைக்கு அடியில் ஊர்ந்து, தலைமை இயக்குநரின் வலது ஷூவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஒரு பெண் கண்ணீரோடு தன் காலைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு நெகிழ்ந்துபோனார். "பார்த்தீர்களா நண்பர்களே, என் பேச்சு ஒரு சகோதரியை எப்படி உருக்கிவிட்டது! எழுந்திரு அம்மா, எழுந்திரு" என்று சொல்லி, உணர்ச்சிவசப்பட்டுக் காலை இன்னும் அழுத்தினார். அவள் பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தாள். ஷூ கழன்று கையோடு வந்தது. கால் மட்டும் சாக்ஸோடு பெடல்மேல் அப்படியே இருந்தது. கேமராக்கள் பளிச் பளிச்சென்றன. அவள் ஷூவை வீசிவிட்டுக் கணுக்காலைக் கட்டிக்கொண்டு, அரிசி மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கினாள். பெடல் மேலே எழும்பியது. கழுத்து ஹெட்போனில் 'கர்ர்' என்று உயிர் வந்தது; மோவாயால் அதன் பொத்தானை அழுத்தினாள்.

"மேல போ! ஓடுபாதையில ஆள் இருக்கு! மேல போ, மேல போ!"

வணக்கம் இல்லை, நன்றி இல்லை. அடுத்த நொடி கோபுரத்தின் கண்ணாடிகள் எல்லாம் அதிர்ந்தன. விமானம் வேனின் கூரையை உரசாத குறையாக மூக்கைத் தூக்கி, உறுமிக்கொண்டு மேலே ஏறியது. பேனர் காற்றில் பிய்ந்து பறந்தது. வேன் ஆட்கள் குப்புற விழுந்து கிடந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேசைக்கு அடியில் அவள் அந்தச் சாக்ஸ் காலைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அறையில் பலத்த கைதட்டல். விமானம் தலைமை இயக்குநருக்கு வானத்தில் மரியாதை செலுத்தியதாக எல்லாரும் நினைத்தார்கள். ஒரு கால் ஷூவோடு எழுந்து நின்று அவர் கையசைத்தார்.

பிறகு விசாரணை வைத்தார்கள். வைத்தவர் தலைமை இயக்குநரே.

"நான் உரையாற்றிய நேரம் முழுவதும் ஒரு விமானிகூடக் குறுக்கே பேசவில்லை" என்றார் அவர். "ஒரு கேள்வி இல்லை, ஒரு புகார் இல்லை. யாரும் குறைத்து மதிப்பெண் சொல்லவில்லை. ஆகவே விதிப்படி எல்லாரும் எனக்கு ஐந்துக்கு ஐந்து. என் பணிக்காலத்தில் இவ்வளவு தெளிவான தகவல் தொடர்பை நான் கண்டதே இல்லை."

"ஐயா, யாராலயும் பேச முடியலைங்க ஐயா. உங்க கால்—"

"யாராலும் பேச முடியாதபடி நான் பேசினேன் என்கிறாய். எனக்கே கூச்சமாக இருக்கிறது. அது கிடக்கட்டும். நீ ஒரு விமானியைப் பார்த்து 'போ' என்று ஒருமையில் பேசியிருக்கிறாய்."

"அவர் என் வீட்டுக்காரருங்க ஐயா."

"அப்படியானால் அரசு வானொலியில் குடும்ப விஷயம் பேசியிருக்கிறாய்" என்று அதையும் எழுதச் சொன்னார். வீட்டுக்காரரின் பேரிலும் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. மேலதிகாரி உரையாற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போனது.

ஆனாலும் தலைமை இயக்குநர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தன் காலைப் பிடித்து அழுதவளை வேலையைவிட்டு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, 'புரிந்துணர்வின் உச்சம்' என்று கீழே எழுதி, அவளுடைய நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார்கள். உரைக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, இனி மாதம் ஒருமுறை அவர் பேசுவார் என்று உத்தரவும் வந்தது.

மறுவாரம் ஒரு தச்சர் வந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ பொருத்தினார். அவள் குனிந்து பார்த்தாள். பெடலின்மேல் ஷூ வடிவத்தில் ஒரு கூடு. உள்ளே வெல்வெட் துணி, மேலே தோல் வார்.

"இது எதுக்குங்க?"

"ஐயா கால் வழுக்காம இருக்கறதுக்கும்மா. வாரை மாட்டிட்டா யாரு புடிச்சு இழுத்தாலும் வராது" என்று தச்சர் பெருமையாகச் சொல்லி, திருகாணியை இன்னும் ஒரு சுற்று முடுக்கினார்.

அவள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் ஆகட்டும் என்பதைக்கூடச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வணக்கம் சொல்லவில்லை. "என்னங்க, அடுத்த உரை அன்னிக்கு லீவு போட்டுருங்க" என்றாள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"கேட்டுட்டேன். எல்லா விமானியும் கேட்டிருக்காங்க. அதனால அன்னிக்கு யாருக்கும் லீவு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு என்னவோ சொல்ல வந்தீங்களே, அது என்ன?" என்று கேட்டாள்.

"மூணு போட்டது தப்புன்னு சொல்ல வந்தேன்" என்றார் அவர். "அதைச் சொல்றதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துது."

பிறகு அவள் எழுந்துபோய் அலமாரியைக் குடைந்து, விளக்கிலிருந்து கழற்றிக்கொண்டு போன கண்ணாடியின் அதே நிறத்தில் சிவப்புப் போர்வை ஒன்றை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. சாயம் இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கும் விமானத்தோடு பேசும் கருவிகள் வைத்திருக்கிற துறையைச் சேர்ந்த அந்த இரண்டு பேரும், மொட்டைமாடிக்கும் தெருக்கோடிக்குமாகப் பிரிந்து நின்றார்கள். அவர் மாடியில். அவள் தெருக்கோடியில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், போர்வையின் இரு முனைகளையும் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"தெரியுதாங்க?" என்று கத்தினாள்.

மாடியில் அவர் கையை ஆட்டி என்னவோ சொன்னார். அதற்குள் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. தெரிகிறது என்கிறாரா, தெரியவில்லை என்கிறாரா, புரியவில்லை.

"தெரியுதா?"

அவர் மறுபடியும் கையை ஆட்டினார். அவளுக்குத் தோள் இற்றுப்போகிற மாதிரி வலித்தது. போர்வையை இறக்காமல், குதிகாலைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.